ஏடிஎச்டி, பதற்றம், மனக்காயம்: முதல் சந்திப்பிலேயே பெயர் சூட்ட மாட்டோம்

பள்ளி உளவியலாளர்களாகிய எங்கள் நிலைப்பாடு

“ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான். ஏடிஎச்டியா என்று பார்த்து எழுதித் தாருங்கள்.” வகுப்பாசிரியர் கொடுத்த துண்டுச் சீட்டோடு பெற்றோர் எங்களிடம் வருகிறார்கள். அன்றே சான்றிதழ் கேட்பவர்களும் உண்டு. முதல் சந்திப்பிலேயே அப்படி எழுதித் தரலாமா? கூடாது என்பதே எங்கள் பதில்.

ஏன் கூடாது?

ஏடிஎச்டி (கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாறு), பதற்றம், மனக்காயம் மூன்றும் வகுப்பறையில் ஏறக்குறைய ஒரே முகம் காட்டுகின்றன. நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வீட்டுப்பாடத்தைப் பாதியில் விடுகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை, கதவு சாத்தும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில், கேட் கொண்டி விழும் ஓசைக்குக் காதைக் கொடுத்தபடி நடுநிசிவரை விழித்துக் கிடக்கிறான். அந்தப் பிள்ளைக்குக் காலையில் வாய்ப்பாட்டில் கவனம் எங்கிருந்து வரும்? அவனுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அது முழுக்கக் காவலுக்குப் போய்விட்டது.

மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும், 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு ஏடிஎச்டிக்குத் தெளிவான அளவுகோல் தருகிறது. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். அவற்றில் பல 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். வேறு மனநலச் சிக்கலால் வந்தவையாக இருக்கக் கூடாது. இவற்றையெல்லாம் அரைமணி நேரத்தில் பார்த்துவிட முடியாது.

இதன் மறுபக்கத் தவறையும் நாங்கள் ஏற்கவில்லை. வீட்டில் சண்டை என்று தெரிந்ததுமே ஏடிஎச்டியைத் தள்ளிவிடுவது சரியல்ல; இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். ஏடிஎச்டி கவனிக்கப்படாமல் போவதும் உண்டு. ஓடியாடும் பையன் கண்ணில் படுகிறான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண்பிள்ளை ‘கனவு காண்கிறாள்’ என்ற பேரோடு பத்தாம் வகுப்புவரை போய்விடுகிறாள்.

எப்படிப் பணிபுரிவோம்?

1. பெற்றோர், ஆசிரியர், பிள்ளை மூவரிடமும் தனித்தனியே பேசுவோம். தூக்கம், காது, கண், படிப்பில் உள்ள தடுமாற்றம் ஆகியவற்றையும் விசாரிப்போம்.

2. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்த மாட்டோம். முதலில் பாதுகாப்பு, பிறகே பேச்சு. தயாரானவர்களுக்கு மனக்காயத்தை மையப்படுத்திய சிபிடி (அறிவுசார் நடத்தைச் சிகிச்சை), இஎம்டிஆர் (கண் அசைவுவழிச் சிகிச்சை) போன்றவை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தவை அவை.

3. பதற்றம் உள்ளவரிடம் “பயப்படாதே” என்று சொல்லி அனுப்ப மாட்டோம். அஞ்சும் இடத்தை அவர் படிப்படியாக நெருங்கக் கூடவே நிற்போம்.

4. மருந்து எழுதுவது எங்கள் வேலையல்ல. மருந்தை எதிர்ப்பதும் அல்ல. தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்பி, அவரோடு சேர்ந்து பணிபுரிவோம்.

5. சொல்வதை ரகசியமாகக் காப்போம். பாலியல் வன்முறை பற்றித் தெரியவந்தால் மட்டும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிக்கும் கடமை எங்களுக்கு உண்டு. இதை முதல் நாளே சொல்லிவிடுவோம்.

எங்கள் கோரிக்கைகள்

பள்ளிகளுக்கு: அடியும் அவமானமும் எந்தக் கோளாறுக்கும் மருந்தல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இரண்டையும் தடைசெய்கிறது. முன்வரிசை இடம், சிறு சிறு பகுதிகளாகப் பிரித்த வேலை, வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவற்றுக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெற்றோருக்கு: மந்திரித்துத் தாயத்து கட்டுவது உங்கள் நம்பிக்கை, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் வேப்பிலை அடி, சூடு, பட்டினி எதுவும் பிள்ளைமேல் விழக் கூடாது.

அரசுக்கு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஏடிஎச்டிக்குத் தனி இடம் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் இருக்க வேண்டும்.

துண்டுச் சீட்டு எழுதும் ஆசிரியரை நாங்கள் குறை சொல்லவில்லை. முதலில் கவனித்தவர் அவர்தானே. அடுத்த முறை இரண்டு வரி கூடுதலாக எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எந்தப் பாடவேளையில் அதிகமாகிறது. எங்கள் வேலை அங்கேயே தொடங்கிவிடும்.