அம்மாவுக்கு ஐஃபோன் வாங்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி



இந்த வார எபிசோட்ல ஐஃபோனா ஆண்ட்ராய்டான்னு முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். கேமரா, பேட்டரி, விலை எல்லாத்தையும் அலசியாச்சு. எடிட் பண்ணும்போதுதான் எனக்கு உறைச்சது: எனக்குத் தெரிஞ்ச தமிழ் வீடுகள்ல இந்தக் காரணங்களுக்காக ஃபோன் மாத்தினவங்க ரொம்பக் கம்மி. பெரும்பாலும் யாரோ ஒரு ஆளுக்காகத்தான் மாறியிருக்காங்க. மைக் முன்னாடி சொல்லாம விட்டதை இங்க எழுதறேன்.

முதல்ல என் கதை. நான் வளர்ந்தது ஐசலின்ல, ஓக் ட்ரீ ரோடுலேர்ந்து நாலு தெரு தள்ளி. நைன்த் கிரேட்ல என்கிட்ட இருந்தது அப்பாவோட பழைய ஆண்ட்ராய்டு. கெமிஸ்ட்ரி லேப் குரூப் சாட்ல என் நம்பரைச் சேர்த்ததும் எல்லாருக்கும் நீலம் போய் பச்சை வந்துடுச்சு. ரெண்டு நாள்ல இன்னொரு குரூப் ஆரம்பிச்சாங்க. அதுல நான் இல்ல. யாரும் கெட்ட பசங்க இல்ல. என்னைச் சேர்த்தா வீடியோ மங்கலா போகுது, அவ்வளவுதான். அடுத்த பர்த்டேக்கு ஐஃபோன்தான் வேணும்னு அடம் பிடிச்சேன். "இதுல என்னடா குறைச்சல்?"னு அப்பா கேட்டார். ஒரு குறைச்சலும் இல்லதான். ஆனாலும் வாங்கிக் குடுத்தார்.

நான் மட்டும் இல்ல. பைப்பர் சாண்ட்லர் நிறுவனம் 2023 கடைசியில எடுத்த சர்வேல, அமெரிக்க டீனேஜர்கள்ல 87% பேர் தங்ககிட்ட ஐஃபோன் இருக்குன்னு சொன்னாங்க. இந்தியாவுல அப்படியே தலைகீழ்: பத்துல ஒன்பதுக்கும் மேல ஆண்ட்ராய்டு. இத்தனைக்கும் ஐஃபோன் தயாராகுற ஃபாக்ஸ்கான் ஆலை சென்னையிலேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர்ல, ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கு.

விலை ஒரு காரணம், சரி. ஆனா அங்க ஃபோனை வெச்சு யாரையும் குரூப்ல சேர்க்காம விடறதில்லையே, அது ஏன்? அதுக்குப் பின்னாடி எஸ்எம்எஸ் இருக்கு. அங்க அப்போ எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு. தீபாவளி, நியூ இயர் மாதிரி நாள்ல பேக் செல்லாம இருந்துது, தனியா பிடிச்சாங்க. 2011-ல டிராய் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ்னு வரம்பே வெச்சுது. அதனால ஜனங்க கூட்டமா வாட்ஸ்அப்புக்குப் போனாங்க, அது எல்லா ஃபோன்லயும் ஓடும். இங்க எஸ்எம்எஸ் அன்லிமிடட்டா கிடைச்சுது, வேற ஆப் தேட அவசியமே வரல. அதே 2011-ல ஆப்பிள் ஐமெசேஜைக் கொண்டுவந்து, எஸ்எம்எஸ் இருந்த அதே பெட்டிக்குள்ள வெச்சுது. அங்க ஜனங்க ஒரு ஆப்புக்குள்ள கூடினாங்க, இங்க ஒரு ஃபோனுக்குள்ள கூடிட்டாங்க.

இது ஆப்பிளுக்கும் நல்லாத் தெரியும். ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் குடுத்தா, ஐஃபோன் குடும்பங்கள் பசங்களுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் குடுக்கத் தடையா இருக்கறது போயிடும்னு 2013-லயே கிரெய்க் ஃபெடரிகி உள்ளுக்குள்ள மெயில் எழுதினார். எபிக் கேம்ஸ் வழக்குலதான் அது வெளிய வந்துது. 2022-ல ஒரு மாநாட்டுல ஒருத்தர் எழுந்து, என் அம்மாவுக்குச் சில வீடியோ அனுப்ப முடியலன்னார். அம்மாவுக்கு ஒரு ஐஃபோன் வாங்கிக் குடுங்கன்னு டிம் குக் பதில் சொன்னார். 2024 மார்ச் 21 அன்னைக்கு நீதித்துறை ஆப்பிள் மேல ஏகபோக வழக்குப் போட்டப்போ இதெல்லாம் அதுல இருந்துது. போட்டது நம்ம நியூ ஜெர்சி ஃபெடரல் கோர்ட்ல. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுக்குது. ஆனா வழக்கைத் தள்ளுபடி பண்ணணும்னு அது கேட்டதை 2025 ஜூன்ல நீதிபதி ஏத்துக்கல.

டிம் குக் சொன்னதை நான் அப்படியே பண்ணினேன். 2023 தேங்க்ஸ்கிவிங் சேல்ல அக்காவும் நானும் சேர்ந்து அம்மாவுக்கு ஐஃபோன் வாங்கினோம். அக்கா குழந்தையோட வீடியோ அம்மாவுக்கு மட்டும் மங்கலா வருதுங்கறதுதான் காரணம். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்? இருக்கறதே நல்லாத்தானே இருக்கு"ன்னு அம்மா சொன்னாங்க. அப்பா அன்னைக்குக் கேட்டது மாதிரியேதான்.

எனக்கு நாலு மணிக்கு மெட்ரோபார்க்ல ட்ரெயின். புது ஃபோனை ஆன் பண்ணினதும், பழைய ஆண்ட்ராய்டுலேர்ந்து எல்லாத்தையும் எடுத்துக்கவான்னு கேட்டுது. நேரமாகும்னு தள்ளி விட்டுட்டேன். காண்டாக்ட்ஸும் ஃபோட்டோவும் கூகிள் அக்கவுண்ட்ல இருந்துது, வந்துடுச்சு. வாட்ஸ்அப்பை அதே நம்பர்ல புதுசா போட்டேன். பழைய ஃபோனை அழிச்சு ட்ரேட்-இன் டப்பாவுல வெச்சு அனுப்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அம்மா ஃபோன் பண்ணாங்க. "டேய், பாட்டி பேசினதெல்லாம் எங்கடா?"

மாயவரத்துல இருந்த பாட்டிக்கு டைப் பண்ண வராது. வாய்ஸ் நோட்தான் அனுப்புவாங்க. சாப்டியா, அங்க பனி கொட்டுதாமே, டிவியில காட்டினானே, இந்த மாதிரி. 2022-ல பாட்டி தவறிட்டாங்க. அம்மா துணி மடிக்கும்போது அதுல ஒண்ணு ரெண்டைப் போட்டுக் கேப்பாங்களாம். ஒரே வீட்டுல வளர்ந்த எனக்கு அது தெரியாது.

தப்பு என்னோடதுதான். வாட்ஸ்அப் பேக்கப் ஆண்ட்ராய்டுல கூகிள் டிரைவுக்குப் போகும், ஐஃபோன்ல ஐகிளவுடுக்குப் போகும். ஒண்ணை இன்னொண்ணு படிக்காது. அம்மா ஃபோன்ல பேக்கப்பே ஆன்ல இல்ல, நான் ஒரு தடவைகூட பார்த்ததில்ல. ஃபேமிலி குரூப்ல பாட்டி போட்டதுல 11 வாய்ஸ் நோட் மாமா ஃபோன்ல இருந்துது, தேடி எடுத்து அனுப்பினார். அம்மாவுக்குத் தனியா அனுப்பினதெல்லாம் போச்சு. அம்மா என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவலை.

இன்னொண்ணும் நடந்துது. தமிழ்ல பக்கம் பக்கமா எழுதற அம்மா ரெண்டு மாசம் "ஓகே" மட்டும் அனுப்பிட்டிருந்தாங்க. மலேசியாவோட முத்து நெடுமாறன் உருவாக்கின அஞ்சல் கீபோர்டு 2013-ல வந்த ஐஓஎஸ் 7-லேர்ந்தே ஐஃபோன்ல இருக்கு. செட்டிங்ஸ்ல போய் அதை ஆன் பண்ணிக் குடுக்க ஒரு நிமிஷம் ஆகும். அதையும் நான் பண்ணல.

அதனால என் கருத்து இதுதான். மாறணும்னு முடிவு பண்றது நாம, அதுக்கு விலை குடுக்கறது அவங்க. சின்ன வயசுல குரூப்லேர்ந்து வெளிய நின்னது நாம. இப்ப நாம உள்ள உக்காந்துகிட்டு அவங்களை ஃபோனை மாத்தச் சொல்றோம். ஃபேமிலி குரூப்பை வாட்ஸ்அப்லயே வெச்சிருந்தா என் கதையில யாரும் எதையும் மாத்தியிருக்க வேண்டாம்.

ஐஃபோன் வேண்டாம்னு சொல்ல வரல. இன்னைக்கு அம்மா ஃபேஸ்டைம்ல பேத்தியோட தினமும் பேசறாங்க, சந்தோஷமாத்தான் இருக்காங்க. ஆனா 2024 செப்டம்பர்ல ஐஓஎஸ் 18-ஓட ஆர்சிஎஸ் வந்தாச்சு. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வீடியோ இப்ப தெளிவாப் போகுது. பச்சை மட்டும் பச்சையாவே இருக்கு. பச்சை பிடிக்கலங்கறதுக்காக அம்மா ஃபோனை மாத்தப் போறீங்களா?

மாத்தித்தான் ஆகணும்னா ஒரு முழு சனிக்கிழமை ஒதுக்குங்க. வாட்ஸ்அப் சாட்டை ஆண்ட்ராய்டுலேர்ந்து ஐஃபோனுக்கு மாத்தற வழி 2022-லேர்ந்து இருக்கு. 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியா, புது ஃபோனை செட்டப் பண்ணும்போதே பண்ணணும். அப்புறம் பண்ணணும்னா புது ஃபோனை முழுசா அழிச்சுத்தான் ஆரம்பிக்கணும். பழைய ஃபோனை ஒரு மாசமாவது கையில வெச்சிருங்க, ட்ரேட்-இன் காசு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. எல்லாத்துக்கும் முன்னாடி, "இந்த ஃபோன்ல போகக் கூடாதது எது?"ன்னு அவங்களையே கேளுங்க. அவங்க பதில் சொல்ற வரைக்கும் டப்பாவைப் பிரிக்காதீங்க.

நீங்க கடைசியா ஃபோன் மாத்தினது யாருக்காக? இந்த மெயிலுக்கே ரிப்ளை பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் படிக்கறோம்.

அடுத்த வாரம் பார்ப்போம்!