எந்த போர் துப்பாக்கி நல்லது என்று கேட்ட தம்பிக்கு

போன ஞாயிறு சாயங்காலம் சோமனூரில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடியது. தறி ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் நாலு பேர், கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு தம்பி கேட்டான்: "ஏனுங்கக்கா, நம்மாளுகளுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் குடுக்கச் சட்டத்துலயே எடம் இருக்குதாமே. அப்படின்னா .32 வாங்கறது நல்லதுங்களா, 12 போர் நல்லதுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஊர்த் திருவிழாவில் அடி வாங்கி, புகார் கொடுக்கப் போய், தன் மேலேயே கவுன்டர் கேஸ் வாங்கி வந்தவன் அவன். அவனுக்கு அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். காலிபர் என்பது குழலின் உள்விட்டம். .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் 32 பங்கு, சுமார் 8 மில்லிமீட்டர். 12 போர் என்பது வேறு கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ, அதுதான் அந்தக் குழலின் அகலம். சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் பெரிதானால் பலம் அதிகம் என்று நினைத்துவிடாதே. .22 என்பது சுமார் 5.6 மில்லிமீட்டர், குறிசுடும் பயிற்சிக்குப் பயன்படுவது. ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி 5.56 மில்லிமீட்டர். அகலம் ஏறத்தாழ ஒன்றுதான். தோட்டாவில் அடைத்திருக்கும் மருந்தும் குண்டு போகும் வேகமும்தான் வேறு.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. .303 ரைஃபிள் உனக்கும் எனக்கும் தடை செய்யப்பட்ட போர். .315 தடை செய்யப்படாதது. லைசென்ஸ் இருந்தால் வாங்கலாம், அரசுத் தொழிற்சாலையே தயாரிக்கிறது. ஆனால் .315-இன் குழல்தான் .303-ஐ விட அகலம்! அப்புறம் எதற்குச் சின்னதுக்குத் தடை? .303 வெள்ளைக்காரனின் ராணுவத் தோட்டா. படைமுகாமிலிருந்து தோட்டா வெளியே போனாலும் குடிமக்களின் துப்பாக்கியில் அது பொருந்தக் கூடாது. 1857-ஐப் பார்த்த அரசின் பயம் அது. வெள்ளைக்காரன் போனான், விதி போகவில்லை. .303, 7.62, ராணுவ 9 மில்லிமீட்டர் எல்லாம் இன்றும் சாதாரணக் குடிமக்களுக்குத் தடைதான். ஆக, போர்களின் பட்டியலை அரசு தன் பயத்தை வைத்துத்தான் எழுதியிருக்கிறது.

அரசின் கையில் இருக்கிற போர்கள் யாரை நோக்கித் திரும்பின என்பதும் நமக்குத் தெரியும். 1970-இல் பெருமாநல்லூரில் மின்கட்டணத்துக்கு எதிராகப் போராடிய விவசாயிகளைச் சுட்டார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் ஆறு தலித்துகள் உயிரிழந்தார்கள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர். அங்கே எந்த போர் பயன்பட்டது என்று விசாரணை ஆணையங்கள் எழுதிவைக்கும். செத்தவர்களின் வீட்டில் அதை யாரும் கேட்பதில்லை.

அடுத்தது ஆயுதச் சட்டம், 1959. அதன் 13-ஆவது பிரிவைப் படித்துப்பார். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட சாதாரணத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால், குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்குத் தரலாம். பயிரைக் காக்கப் பயிர் வேண்டும். பயிருக்கு நிலம் வேண்டும். கொங்கு நாட்டில் அருந்ததியர் காலனியில் எத்தனை வீட்டுக்குக் காடு தோட்டம் இருக்கிறது? தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் பண்ணயத்துக்கு இருந்தவன் கையில் மண்வெட்டி இருந்தது. தோட்டத்துக்காரர் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்கியது. யாரும் சட்டத்தை மீறவில்லை. நிலம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆயுதமும் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

அதே சட்டத்தின் 14-ஆவது பிரிவு, போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக லைசென்ஸை மறுக்கக் கூடாது என்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். 18-ஆவது பிரிவின்படி மேல்முறையீடும் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் விண்ணப்பம் காவல் நிலைய அறிக்கைக்குத்தான் போகும். உன் மேல் கவுன்டர் கேஸ் போட்ட அதே நிலையத்துக்கு. அந்த கேஸே உன் விண்ணப்பத்துக்கு எதிரான முதல் காரணமாக வந்து நிற்கும். 21 வயது ஆகாதவர்களுக்கு லைசென்ஸே கிடையாது. எல்லாம் தாண்டி வந்தாலும், ஒரு ரிவால்வரின் விலை தறி ஓட்டுகிறவனின் பல மாதச் சம்பளம்.

இப்போது நீ சொன்ன அந்த விதிக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995, விதி 3. இதைப் பாதி மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். நீ வரிசையாகப் படி. வன்கொடுமை நடக்கலாம் என்று நம்பக் காரணம் உள்ள பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் அங்கே போய் நிலைமையைப் பார்க்க வேண்டும். தேவை என்று கருதினால், அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து, துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான், தேவை என்று கருதினால், நமக்கு லைசென்ஸ் தரலாம் என்று வருகிறது.

அவன் துப்பாக்கியை வாங்கி உள்ளே வை என்பதுதான் முன்னால் இருக்கிறது. எனக்கு ஒன்று கொடு என்பது பின்னால் வருகிறது. நாம் பின்னால் இருப்பதைப் பிடித்துக்கொண்டு .32-ஆ 12 போரா என்று பேசுகிறோம். முன்னால் இருப்பதை அரசிடம் கேட்க மறந்துவிட்டோம். அரசுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

தலித்துகள் துப்பாக்கியைப் பற்றிப் பேசினாலே வன்முறை என்று பதறும் நல்லவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணிக்குத் துப்பாக்கியோடு வந்தவர்கள் கூலி உயர்வு கேட்டவர்கள் அல்ல, நிலக்கிழார்களின் ஆட்கள். 44 பேர் எரிந்து செத்தார்கள். 1973-இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது. பீகாரின் லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பரில் ரண்வீர் சேனா 58 பேரைச் சுட்டுக் கொன்றது. 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் 26 பேரை விடுவித்தது. அகிம்சையை எங்களுக்குப் போதிக்கும் முன், அந்தத் துப்பாக்கிகள் எங்கே போயின என்று ஒரு தடவையாவது கேளுங்கள். கேட்டபின் வாருங்கள், பேசலாம்.

ஆனால் தம்பி, உனக்கும் ஒரு வார்த்தை இருக்கிறது. நம் பகுதியில் நம்மை எது கொன்றது என்று எண்ணிப்பார். 2015 ஜூனில் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில், கேமரா பார்க்க, அரிவாளால் வெட்டினார்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் மண்ணோடு போனார்கள். அந்தச் சுவருக்கு என்ன காலிபர்? உன் இடுப்பில் இருக்கும் .32 அந்தச் சுவரை என்ன செய்யும்? நாலு பேர் பைக்கில் வந்து வெட்டும் அந்த அரை நிமிடத்தில் என்ன செய்யும்? அவர்களின் துணிச்சல் ஆயுதத்திலிருந்து வரவில்லை. ஒன்றும் ஆகாது, வெளியே வந்துவிடலாம், ஊர் பின்னால் நிற்கும் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. கோகுல்ராஜ் வழக்கில் 2022-இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த நம்பிக்கையில் விழுந்த ஓட்டை அது. அதைப் போட்டது ஒரு தாயும், மிரட்டலுக்கு அஞ்சாத வழக்கறிஞர்களும்.

அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் சட்டப்படியே துப்பாக்கி ஏந்தி, போலீஸைக் கண்காணித்து வலம் வந்தார்கள். அடுத்த வருடமே கலிஃபோர்னியா அரசு மல்ஃபோர்டு சட்டம் போட்டு, பொது இடத்தில் தோட்டா ஏற்றிய துப்பாக்கியோடு போவதையே தடுத்துவிட்டது. நம் கைக்கு வந்தால் விதி மாறும். இதையும் நினைவில் வை.

லைசென்ஸ் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. மிரட்டலுக்கு நடுவில் வாழும் ஊராட்சித் தலைவர், சாட்சி சொல்லப் போகிறவர் கேட்கட்டும், அது அவர்களின் உரிமை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கட்டும். ஆனால் நம் இயக்கத்தின் வேலை வேறு. இந்த மாதமே மூன்று கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவோம். நம் மாவட்டத்தில் விதி 3-இன்படி அடையாளம் கண்ட பகுதிகள் எவை? அந்த விதியின் கீழ் இதுவரை எத்தனை லைசென்ஸ் ரத்தாகியிருக்கிறது, எத்தனை பேருக்குப் புதிதாகத் தரப்பட்டிருக்கிறது? விதி 17-இன்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, அதன் கூட்டக் குறிப்பு எங்கே?

வரும் ஞாயிறு, அதே இடம், சாயங்காலம் 6 மணி. மனு எழுத வெள்ளைத்தாளோடு வா தம்பி. உன் பெயரில்தான் முதல் மனு.

ஜெய்பீம்.