பச்சிளந் தோலுக்குப் பிறமொழிச் சீட்டா?

மயிலாப்பூர்த் தெற்கு மாடத் தெருவில் பயற்றம் பருப்பு, பயற்றம் பருப்பாகவே கிடைக்கின்றது. சிறிது மேற்கே தள்ளித் தியாகராயர் நகர்ப் பெருங்கடையிலோ, ஆற்றைக் கடந்து அடையாற்றிலோ, அதே பருப்பு மாவாகிப் புட்டியில் அடைபட்டு, 'ஆர்கானிக் பேபி பாத் பவுடர்' என்னும் பட்டஞ் சூடி, பன்மடங்கு விலையில் வீற்றிருக்கின்றது. பூவந்திக் கொட்டை 'சோப்நட்' ஆயிற்று. வெட்டிவேர் 'வெட்டிவர்' ஆயிற்று. அச்சொல்லை ஆங்கிலம் தமிழிடமிருந்தே கடன்கொண்டது என்பதைக்கூட அறியாமல், கடன் வாங்கியவனிடமே போய்த் தன் பொருளுக்குப் பெயர் கேட்டு நிற்கும் இரங்கத்தக்க நிலை தமிழனுக்கன்றி வேறெவனுக்கு வாய்க்கும்!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இதில் சிக்கித் தவிப்பது ஒரு குழந்தையின் உடம்பு. முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து, வறண்டு, இரவெல்லாம் சொறிந்து சொறிந்து உறங்காத குழந்தைகள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. அந்நோய்க்குக் கரப்பான் என்னும் தமிழ்ப்பெயர் உண்டு. ஆனால் அப்பெயரைச் சொல்லும் வீடு குறைந்துவிட்டது. 'சென்சிடிவ்' என்று சொல்லப் பழகிய தாய், அச்சொல்லைப் பொறித்த புட்டியைத் தேடி ஓடுகின்றாள். நோயின் பெயரை மாற்றியவனே மருந்தின் பெயரையும் மாற்றி விற்கின்றான்.

தோலின் இயல்பைச் சற்றே அறிந்தால் இவ்வோட்டத்தின் வீண்மை விளங்கும். நலமான தோல் மெல்லிய புளிப்புத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5.5-ஐ ஒட்டி நிற்கும். சோப்பு எனப்படும் வழலையோ காரத் தன்மையது; 9-க்கும் 10-க்கும் இடைப்பட்டது. தோலைக் காத்துநிற்கும் நெய்ப்பசையை அது அழுக்கோடு சேர்த்தே வழித்தெடுத்துவிடும். பெரியவர் தோல் அதனைத் தாங்கும். பச்சிளங் குழந்தையின் மெல்லிய தோல் தாங்காது. போதாக்குறைக்கு, அடையாறு, திருவான்மியூர்க் கடலோரத்தில் பல வீடுகளுக்கு வாய்ப்பது ஆழ்துளைக் கிணற்று உவர்நீர். உவர்நீரில் வழலை நுரைப்பதில்லை. வெண்ணிறக் கசடாகத் திரிந்து தோலிலும் துணியிலும் படிகின்றது. அக்கசடு படிந்த சட்டையைக் கரப்பான் கண்ட குழந்தைக்கு உடுத்திவிட்டு, அரிப்பு ஏன் அடங்கவில்லை என்று வினவுவதால் யாது பயன்?

சீயக்காயும் பூவந்திக் கொட்டையும் நுரைப்பது வேறொரு முறையில். அவற்றின் நுரைபொருள் காரமன்று. உவர்நீரில் வழலைபோல் கசடாவதும் இல்லை. பட்டுப் புடைவையைப் பூவந்தி நீரில் அலசும் வழக்கம் மயிலைப் பாட்டிமாரிடம் இன்றும் உண்டு. பட்டுக்குக் காட்டும் பரிவைப் பிள்ளையின் சட்டைக்குக் காட்டினால் ஆகாதா? விதை நீக்கிய கொட்டையின் தோட்டை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து, வடிகட்டி, அந்நீரில் துணியை அலசிப் பின் நல்ல நீரில் இருமுறை பிழிந்தெடுத்தால் போதும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

'சாம்பூ' என்னும் சொல்லின் கதை நகைப்புக்குரியது. அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறித்த வடநாட்டுச் சொல், பீகாரிலிருந்து சென்ற தீன் முகமது என்பாரால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பரவி, தலைக்கழுவுநீராகப் பொருள் திரிந்து, புட்டியில் அடைபட்டு இங்கே திரும்பிற்று. அதனைச் சிற்றுறையில் அடைத்து ஏழையின் கைக்கும் எட்டச் செய்தவர் கடலூர்ச் சின்னி கிருட்டிணன் என்னும் தமிழரே. தமிழனுக்குத் திறமை இல்லை என்பவர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். குறை திறமையிலன்று, எதனை அடைப்பது என்னும் தெளிவிலேதான்.

இனிக் கஞ்சி. சோறு வடித்த கஞ்சியைத் தலைக்குத் தேய்க்கும் சீயக்காயோடு கலப்பது தமிழர் வழக்கு. அதனை நாகரிகமற்றது என்று கழுநீர்த் தொட்டியில் கொட்டினர். மேலை நாட்டினரோ தம் பாட்டிமார் குழந்தைக் குளியலில் இட்ட ஓட்சு மாவைக் கைவிடவில்லை. ஆய்ந்து, 2003-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறையே அதனைத் தோல் காக்கும் பொருளாக ஏற்குமளவு உயர்த்தினர். அதனினும் வியப்பு, அரிசி மாப்பொருள் கலந்த நீரில் குளிப்பது புண்பட்ட தோலைத் தேற்றுகின்றது என்பதை 2002-இல் ஆய்ந்து வெளியிட்டவர்கள் பெல்சிய நாட்டினர்! அரிசியுண்ணும் இனம் கொட்டியதை அரிசியுண்ணா இனம் ஆய்ந்தது. தேங்காயெண்ணெயின் கதையும் அதுவே. கரப்பான் கண்ட குழந்தைகட்குத் தூய தேங்காயெண்ணெய் கல்லெண்ணெய்ப் பூச்சினும் நன்கு பயன்பட்டதென்று 2014-இல் எழுதியவர்கள் பிலிப்பைன் மருத்துவர்கள். இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரமே குளிப்பாட்டி, ஈரம் முற்றும் உலருமுன் எண்ணெய் பூசுவதே அதனைப் பயன்படுத்தும் முறை.

பொடியைப் பற்றியும் சொல்லவேண்டும். குழந்தைப் பொடி என்று காலங்காலமாகத் தூவப்பட்டது மாக்கல்லின் தூள். வற்றற் குழம்பு வைக்கும் கற்சட்டியைக் குடைந்தெடுப்பார்களே, அக்கல்லின் இனந்தான்! மகாராட்டிர அரசின் உணவு மருந்துத் துறை, சான்சன் அண்டு சான்சன் நிறுவனத்தின் முலுந்து ஆலையில் குழந்தைப் பொடி செய்யும் உரிமத்தை 2022 செப்டம்பரில் நீக்கியது. புனேயிலும் நாசிக்கிலும் எடுத்த பொடியின் பி.எச். அளவு வரையறைக்கு ஒவ்வவில்லை என்பது அத்துறை கூறிய கரணியம். 2023 சனவரியில் மும்பை உயர்முறை மன்றம் அவ்வாணையைத் தள்ளிவிட்டது. ஆகவே அவ்வழக்கில் பொடியின் கேடு நிலைநாட்டப்படவில்லை. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆனால் 1894 முதல் அப்பொடியை விற்றுவந்த அதே நிறுவனம், மாக்கல்லை 2023-இல் உலகெங்கும் கைவிட்டுச் சோளமாவுக்கு மாறுவதாக 2022-இலேயே அறிவித்தது. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024 சூலையில் மாக்கல்லைப் புற்றுநோய்க்குக் கரணியமாகக் கூடியவற்றின் வரிசையில் வைத்தது. கல்லாயினும் மாவாயினும், தூவும் பொடி குழந்தையின் மூச்சுக் குழலுக்குள் செல்லும். பொடியே வேண்டா என்பதே குழந்தை மருத்துவர் கூற்று. கத்திரி வெயிலில் வேர்க்குருவா? தளர்ந்த பருத்தித் துணி, தண்ணீர்க் குளியல், தெருமுனையில் விற்கும் நுங்கின் நீர். இவற்றுக்குப் புட்டியும் இல்லை, விளம்பரமும் இல்லை.

இவ்விடத்தில் தமிழன்பர் சிலரும் ஒரு தவற்றைச் செய்கின்றனர். பழையது என்பதாலேயே நல்லது என்று முழங்கி, கண்ட மாவையெல்லாம் குழந்தை மேல் அப்புகின்றனர். சப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகவழலை ஒன்றைப் பயன்படுத்தியவருள் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குக் கோதுமையே ஒவ்வாமையாயிற்று. 2011-இல் அதனைத் திரும்பப் பெற்றனர். உணவுப்பொருள் வாய்வழி சென்றால் உடல் ஏற்கும். வெடித்த தோல்வழி சென்றால் பகையாகவும் கொள்ளும். ஆகவே பயற்ற மாவு நலமான தோலுக்குத்தான். வெடித்து நீர் கசியும் தோலுக்கு ஆகாது. நலங்கு மாவில் சேர்க்கும் கார்போகரிசி, தோலை வெயிலுக்கு ஒவ்வாததாக்கிக் கொப்புளம் எழுப்ப வல்லது. வெண்படை மருத்துவத்தில் அதன் பயன் அந்த ஆற்றலால்தான். அதனைக் கைக்குழந்தையின் குளியல் மாவில் கலப்பது மடமை. மயிலைக் கச்சேரிச் சாலையின் டப்பா செட்டிக் கடையிலோ, 1944-இல் தோன்றிய திருவான்மியூர் மருத்துவர் கூட்டுறவு மருந்தகத்திலோ தனித்தனிப் பொருளாகக் கேட்டு வாங்கினால், இன்னது வேண்டும், இன்னது வேண்டா என்று சொல்லலாம். தோல் கசிந்தால், சீழ்வைத்தால் மருத்துவரிடம் செல்வதே முறை.

புட்டியில் அவ்வாய்ப்பு ஏது? அதன் முதுகில் எறும்பினும் சிறிய எழுத்தில் ஆங்கிலப் பட்டியல். மெத்தில் ஐசோதயாசோலினோன் என்று ஒரு கெடாப்பொருள் உண்டு. ஒவ்வாமை மிகுதியால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தோலில் தங்கும் பூச்சுகளில் அதனைத் தடுத்துவிட்டது. தமிழ் மட்டும் படித்த தாய் அதனை எங்ஙனம் கண்டுகொள்வாள்? பிரான்சு நாட்டில் 1972-இல், குழந்தைப் பொடி ஒன்றில் தவறுதலாக எக்சாகுளோரோபீன் என்னும் நச்சு மிகுதியாகக் கலந்து 36 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் அந்நாடு 1975-இல் ஒப்பனைப் பொருள்களுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அங்கே மக்கட்கும் சட்டத்துக்கும் ஒரே மொழி.

இங்கே? நடுவணரசின் 2011-ஆம் ஆண்டுப் பொதியப் பண்ட விதிகளுள் ஒன்பதாம் விதி, பொதியின்மேல் அறிவிக்கவேண்டியவை தேவநாகரியில் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. பிற மொழிகள் கூடுதலாக இருந்தால் தடையில்லையாம்! தமிழ்நாட்டில் விளைந்து, தமிழ்நாட்டில் அரைபட்டு, தமிழ்க் குழந்தையின் மேல் பூசப்படும் மாவுக்குத் தமிழ், தடுக்கப்படாத கூடுதல் மொழி! இவ்விதி திருத்தப்படல் வேண்டும். விற்கும் மாநிலத்தின் மொழியில் பெயரும் உட்பொருளும் கட்டாயமாதல் வேண்டும். தமிழ்நாட்டரசு இதனை நடுவணரசிடம் வலியுறுத்திப் பெறல் வேண்டும்.

தில்லி திருத்துமட்டும் சென்னை காத்திருக்கவேண்டுவதும் இல்லை. விதி தமிழைக் கட்டாயப்படுத்தவில்லையே ஒழியத் தடுக்கவில்லை. தியாகராயர் நகரிலும் அடையாற்றிலும் 'நேச்சுரல்' கடை விரித்திருப்போருள் பலர் தமிழர். அவர்தம் வீட்டுப் பாட்டி சொன்ன பக்குவமே அவர்தம் முதல். புட்டியின் முன்புறத்தில் பச்சிலைப் படம் வரைய இடமிருக்கின்றது. பின்புறத்தில் கார்போகரிசி என்னும் ஆறெழுத்தைப் பொறிக்க மட்டும் இடமில்லையா?