பாதிப் போத்தல் தண்ணீர்

வெளிநாடு போய் வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்களைப் பற்றிச் சொல்வார்கள். நான் ஒரு பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பல வருடங்களாக வாய் திறக்காமல் வைத்திருந்த கதை.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி, வியாழன் அதிகாலையில், ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தது. அப்போது மகனுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. என் கணவருக்கு ஒரு கடையில் கணக்கு வேலை. அங்கே ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். பெரும்பாலானோர் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். விமான நிலையம் மூடப்பட்டுவிட்டது. எங்களுக்கு இருந்த வழி பஸ்ராவுக்கும் பக்தாத்துக்கும் போய், அங்கிருந்து பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் எல்லையை அடைவதுதான். குவைத் தினாரும் ஈராக் தினாரும் சமம் என்று ஈராக் அறிவித்ததும், சிறுகச் சிறுகச் சேர்த்த காசு பெறுமதியற்றுப் போனது.

செப்டெம்பரில் பக்தாதில் ஒரு பழைய பஸ்ஸில் ஏறினோம். எல்லைக்கு ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இருக்கைக்கு மூவர், நடுவழியெல்லாம் மூட்டை, மூட்டைமேல் பெண்கள். ஜன்னலைத் திறந்தால் அடுப்பு வாயைத் திறந்தது போல அனல். மூடினால் மூச்சு முட்டும். என் மடிக்குக் கீழே துணி சுற்றிய ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. காலையில், பக்கத்து மூட்டைமேல் இருந்த சிங்களப் பிள்ளை ஒருத்தி ஒரு மிடறு கேட்டாள். "இல்லை தங்கச்சி" என்றேன். துணியை இன்னும் இழுத்து மூடினேன்.

பகலில், ஆளரவமற்ற இடத்தில் சாரதி பஸ்ஸை நிறுத்திவிட்டான். ஆளுக்கு இன்னும் பணம் வேண்டுமாம், டொலராக வேண்டுமாம். இல்லாவிட்டால் இறங்கலாமாம். ஆண்கள் கெஞ்சினார்கள், சத்தம் போட்டார்கள். கடைசியில் பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றினோம். உம்மா என் கலியாணத்துக்குப் போட்ட தோடு அப்படித்தான் போயிற்று. அதற்குள் மூன்று மணி நேரம் கடந்துவிட்டது. என் போத்தல் வற்றிவிட்டது. மகன் அழுவதையும் நிறுத்திவிட்டான். அழுகை நின்றதுதான் என்னைக் கலங்க வைத்தது. உதட்டில் வெள்ளை படர்ந்திருந்தது. ஓதக்கூட நாக்குப் புரளவில்லை.

அந்தப் பிள்ளை வழியில் ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாயிடம் கேட்டுப் பாதிப் போத்தல் வாங்கி வைத்திருந்தாள். ஒன்றும் பேசாமல் என் கையில் வைத்தாள். "பபாட்ட தென்ன அக்கே," குழந்தைக்குக் கொடுங்கள் என்றாள். நான் காலையில் சொன்ன பொய் அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரியாமல் இருக்க இடமில்லை. என் துணிக்குள் தண்ணீர் குலுங்கியது இருவருக்கும்தான் கேட்டது.

எல்லைக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பாஸ்போட் உள்ளவர்கள் ஒரு வரிசை, இல்லாதவர்கள் மறுபக்கம். அவளுடையது எஜமானியின் அலுமாரியில். அந்தப் பக்கம் அவளைப் போல இன்னும் எத்தனையோ பெண்கள் தரையில் குந்தியிருந்தார்கள். எங்களை விரட்டி முன்னே அனுப்பினார்கள். திரும்பிப் பார்த்தேன், அவள் மூட்டையைத் தேடிக்கொண்டிருந்தாள். ஜோர்தானில் கூடாரத்தில் இருந்த நாட்களில் வரும் பஸ்களை எல்லாம் பார்த்தேன். காணவில்லை. பிறகு அம்மானிலிருந்து விமானத்தில் கொழும்புக்கு வந்துவிட்டோம்.

பின்னர் ஐக்கிய நாடுகளின் நட்டஈட்டு ஆணைக்குழு, குவைத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு நட்டஈடு கொடுத்தது. தனியாளுக்கு 2,500 டொலர், வேறு கோரிக்கை எதுவும் வைக்காதவருக்கு 4,000. படிவத்தில் வெளியேறிய விபரத்தையும் அதற்கான ஆதாரத்தையும் கேட்டிருந்தார்கள். எங்கள் பாஸ்போட்டில் முத்திரை இருந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனை அந்த இடத்தில் நின்றது. அவள் எதைக் காட்டியிருப்பாள்? பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லையே.