பம்பர் பரிசு 25 கோடி... கைக்கு வருவது எவ்வளவு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கேரளத்துக்காரர்கள் நிறைய. ஓணத்துக்கு ஊருக்குப் போகிறவரிடம், "எனக்கும் ஒரு பம்பர் வாங்கிட்டு வாங்க சேட்டா" என்று 500 ரூபாயை நீட்டும் நண்பர்களும் இங்கே உண்டு. வாங்கி வரச் சொல்லாதவர்களுக்கோ, "உங்கள் நம்பருக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது. வரியை மட்டும் முதலில் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது.

நிஜப் பரிசு எப்படிக் கைக்கு வரும் என்று தெரிந்தால், போலியை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இல்லையே?

'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று அண்ணா ஆட்சியில் 1968-ல் தொடங்கியது தமிழக அரசு லாட்டரி. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளுக்கும் தடை போட்டது. கேரளத்தில் இன்றும் அரசே நடத்துகிறது.

25 கோடியின் கணக்கு

கேரளத்தின் திருவோணம் பம்பர் முதல் பரிசு 25 கோடி ரூபாய். அது கைக்கு வருவதற்குள் இப்படிக் குறைகிறது:

* ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம்: 2.5 கோடி
* மீதி 22.5 கோடியில் 30 சதவீதம் டி.டி.எஸ்: 6.75 கோடி
* வங்கிக் கணக்குக்கு வருவது: 15.75 கோடி

இதோடு முடியவில்லை. வரிக்கு மேல் சர்சார்ஜும் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. புதிய வரி முறையில் சர்சார்ஜ் 25 சதவீதம் என்று வைத்தால், வென்றவர் இன்னும் சுமார் 2 கோடி கட்ட வேண்டும். கடைசியில் நிற்பது ஏறத்தாழ 13.7 கோடி. வந்ததை எல்லாம் வீடு, கார் என்று செலவழித்தவர்கள் திணறுவது இந்த இடத்தில்தான்.

டிக்கெட்தான் ஆதாரம்

குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் ஒரிஜினல் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்து அவசியம். பான், ஆதார், வங்கி விவரமும் கேட்பார்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசை லாட்டரிக் கடையிலேயே வாங்கலாம். நண்பர் வாங்கி வந்த டிக்கெட் என்றால், கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவது நல்லது. பரிசு விழுந்த பிறகு 'யாருடையது' என்று பேசினால் நட்புதான் போகும்.

2023-ல் திருவோணம் பம்பரை வென்றது திருப்பூரைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். டிக்கெட் வாளையாரில் வாங்கியது. ஆனால், 'அது தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்ட டிக்கெட்' என்று புகார் போக, கேரள லாட்டரித் துறை விசாரணையில் இறங்கியது. நம் ஊர்ப்பக்கம் ரகசியமாக விற்கும் டிக்கெட்டுக்குக் கோடி விழுந்தாலும் சிக்கல்தான். மூன்று நம்பர் லாட்டரித் துண்டுச் சீட்டோ அரசு டிக்கெட்டே இல்லை. பணம் தராவிட்டால் எங்கும் போய்க் கேட்க முடியாது.

மாதச் சம்பளமாகவும் வரும்

எல்லா நாட்டிலும் மொத்தமாகத் தருவதில்லை. அமெரிக்காவின் பவர்பால் பரிசை 29 ஆண்டுகளில் 30 தவணையாக வாங்கலாம்; ஒரேயடியாக வேண்டுமென்றால் தொகை நன்றாகவே குறையும். எமிரேட்ஸ் டிராவில் 2023-ல் வென்ற தமிழகப் பொறியாளர் ஒருவருக்கு மாதம் 25,000 திர்ஹாம் வீதம் 25 ஆண்டுகளுக்குப் பரிசு. ஒரே நாளில் கோடிகள் வந்து விழுந்து, சொந்தமும் கடன்காரரும் வாசலில் நிற்கும் தொல்லை இதில் குறைவு. கேரள அரசே பரிசு வென்றவர்களுக்குப் பணத்தைக் கையாளப் பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறது.

இதை மறக்காதீங்க

நிஜ லாட்டரியில் டி.டி.எஸ்ஸைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். முதலில் கட்டு என்று கேட்க மாட்டார்கள். பிறகு கட்டும் வரியும் வருமான வரித் துறைக்குத்தான். யாருடைய ஜிபே நம்பருக்கும் அல்ல. கேரள லாட்டரி காகித டிக்கெட் மட்டுமே, ஆன்லைனில் கிடையாது. டிக்கெட்டே வாங்காதவருக்குப் பரிசு விழாது.

பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். ஆவடி கமிஷனரேட்டின் சைபர் க்ரைம் பிரிவிலும் புகார் தரலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வங்கியில் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.