பேட்டரி போச்சு சார்!

காலையில் கார் கிளம்பவில்லை என்றால் எங்கள் திருத்தணியில் மட்டுமல்ல, அரக்கோணம், நகரி என்று எங்கே போனாலும் முதலில் கிடைக்கும் தீர்ப்பு இதுதான்: "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்." விசாரணையே இல்லாத தீர்ப்பு!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றினார். மூன்றாவதும் வாங்கச் சொன்னார்கள். ஒருவராவது மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சாவியை எடுத்த பிறகும் 0.4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. மகன் ஆசையாக மாட்டிக் கொடுத்த டேஷ்கேமராவை நேராகப் பேட்டரியில் இணைத்திருந்தார்கள். அதைக் கழற்றியதும் 0.03-க்கு இறங்கிவிட்டது.

கணக்குப் போடுங்கள். 0.4 ஆம்பியர் என்றால் நாளொன்றுக்கு 9.6 ஆம்பியர்-மணி. அவருடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. இரண்டே நாளில் பாதி காலி. மலைக்கோயிலுக்குப் போய்வரும் பத்து நிமிட ஓட்டம் அதை ஈடுகட்டுமா? அடிக்கடி இப்படி வற்றினால் தகடுகளில் சல்பேட் இறுகி, நல்ல பேட்டரியும் செத்துவிடும். ஆகவே மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஓட்டையை அடைக்காமல் குடத்தை மாற்றி என்ன பயன்?

சோதனை ஒன்றும் பிரம்ம வித்தை அல்ல. நின்ற வண்டியில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் பெரும்பாலும் சரி. பிறகு எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் வயரைக் கழற்றி, வயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வையுங்கள். அப்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். இன்றைய வண்டிகளின் கம்ப்யூட்டர்கள் தூங்க அரை மணி நேரமாவது ஆகும், காத்திருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. மேலே போனால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சரிகிறதோ, திருடன் அந்த வழியில்தான். எதற்கும் சரியவில்லையா? ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகியுங்கள்.

நாலைந்து வருடம் உழைத்த பேட்டரியை மாற்றச் சொன்னால் நான் மறுக்கவில்லை. ஆறு மாதப் பேட்டரியை அளக்காமல் தூக்கிப் போடச் சொல்வதைத்தான் கேட்கிறேன்.

"அரை மணி நேரம் யார் சார் காத்திருப்பாங்க?" என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். நியாயம். அதற்கு நாமும் பொறுப்பு. ஐந்தாயிரம் ரூபாய் பேட்டரிக்குப் பேசாமல் பணத்தை நீட்டுகிற நாம், கோளாறைக் கண்டுபிடித்ததற்கு முந்நூறு கேட்டால் "சும்மா பார்த்ததுக்கா?" என்று சண்டைக்குப் போகிறோம். பொருளுக்குத்தான் காசு, மூளைக்கு இல்லை என்றால் அவர் பொருளைத்தானே விற்பார்? அளந்து பார்ப்பவருக்குக் கூலி கொடுங்கள். பென்ஷன் பணம் மிஞ்சும்.