வெயிலை அளக்க வெப்பமானி போதாது

ஏப்ரல் பிறந்துவிட்டால் 'வேலூரில் வெயில் சதம்' என்ற தலைப்புக்குப் பஞ்சமே இருக்காது. எத்தனை ஊர்கள் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டின என்ற பட்டியலும் கூடவே வரும். அதை வைத்தே எந்த ஊரில் வெயில் அதிகம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் அந்த எண்கள் நிழலில் வைத்த வெப்பமானி காட்டும் காற்றின் சூடு. சூரியன் எத்தனை மணி நேரம் அடித்தது என்பது வேறு கணக்கு. மே மாதப் பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் சென்னையில் சூடு தணிகிறது. சூரியன் என்னவோ அப்படியேதான் காய்கிறது. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் வேலூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வெப்பப் பட்டியலில் கொடைக்கானலுக்கு இடமே கிடையாது. சூரியனை ஆராயும் கூடமோ 1899இல் அந்த மலையில்தான் தொடங்கப்பட்டது.

வெயில் நேரத்தை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. வெட்டவெளியில் ஒரு கண்ணாடி உருண்டை. அதன் பின்னால் வளைத்துச் செருகிய அட்டை. உருண்டை குவிக்கும் ஒளி, சூரியன் நகர நகர அட்டையில் கரிந்த கோடாக ஓடும். மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுந்துபோகும். கரிந்த நீளத்தைக் கூட்டினால் அன்றைய வெயில் நேரம் கிடைத்துவிடும். இப்படிப் பார்த்தால் ஊர்களின் வரிசையே மாறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசியில் சாரலும் மூட்டமுமாக இருக்க, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கிழக்கே தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலையோரத்திலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கடற்கரைக்கு வருவதே காரணம்.

உயிரைப் பறிப்பது வெப்பம்தானே, அதைச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். எச்சரிக்கைக்கு வெப்ப அளவு கட்டாயம் வேண்டும். அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை. ஆனால் மாடியில் சூரியத் தகடு போடுபவருக்கு அது வழிகாட்டாது. தகட்டின் திறன் 25 டிகிரி செல்சியஸில் கணக்கிடப்படுகிறது; அதற்குமேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும். மே மாத மொட்டைமாடியில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆண்டுச் சராசரியில் ஊருக்கு ஊர் பெரிய வித்தியாசம் வராது என்ற வாதமும் உண்டு. மின்கட்டணம் ஆண்டுச் சராசரிக்கா வருகிறது? வடகிழக்குப் பருவமழையில் சென்னை மாடிக்கு எவ்வளவு கிடைக்கும், ஆடியில் தென்காசி மாடிக்கு எவ்வளவு என்பதல்லவா தெரிய வேண்டும்! தகடு போட வீட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் தரும் அரசு, இதையும் சொல்ல வேண்டாமா? வானிலை ஆய்வுத் துறை வெயில் நேரத்தையும் மாவட்டவாரியாக நாள்தோறும் வெளியிடட்டும். நாளிதழ்களும் வெப்ப அளவுக்குப் பக்கத்திலேயே அதை அச்சிடட்டும்.